பூட்டை இழுத்துப் பார்ப்பவர்

“கவலைப்படாதவங்கதான் சந்தோஷமா இருக்காங்களாம். புது ஆராய்ச்சி சொல்லுது. வேலையில்லாம வீட்டுல உக்காந்திருந்தது போதும், உங்க சந்தேகப் புத்தியை அங்கயும் காட்டிடாதீங்க!” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

நேர்முகத் தேர்வில் அவர் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார்.

“வீட்டைப் பூட்டினதும் பூட்டை இழுத்துப் பாப்பீங்களா?” என்று கேட்டார் மேலாளர்.

“சேச்சே! பூட்டினா பூட்டினதுதான் சார்.”

“செஞ்ச வேலையில தப்பு இருக்குமோன்னு தூக்கம் கெட்டிருக்கா?”

“படுத்தா விடிஞ்சுதான் சார் கண்ணைத் திறப்பேன்.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். “குடுத்து வச்சவர் நீங்க. ஆனா இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது.”

அவர் முகம் தொங்கிப்போக வெளியேறினார். சற்று நேரத்தில் கதவு மறுபடியும் திறந்தது. அவரேதான். மூச்சு வாங்கியது.

“மன்னிக்கணும் சார். கதவைச் சரியா சாத்தினேனான்னு ஒரு சந்தேகம். பாதிப் படியில திரும்பிட்டேன்.”

மேலாளர் நிமிர்ந்தார். “அப்போ வீட்டுப் பூட்டு?”

அவர் தலை குனிந்தார். “இழுத்து இழுத்துத் தாழ்ப்பாளே ஆடுது சார்.”

மேலாளர் தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தார்.

“விமானத்துல இருந்து குதிக்கிறவங்ககிட்ட உடனே சொல்லுங்க. பாராசூட் மடிக்கச் சரியான ஆள் கிடைச்சாச்சு!”