மண்ணூரில் மூச்சுவேர்

இசக்கிசெல்வி ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். சொந்த ஊரான புன்னைக்காயலின் கழிமுகத்திலிருந்து ஓர் அலையாத்திக் கன்றைக் கொண்டுவந்து, மண்ணூரில் குடியிருக்கும் வாடகை வீட்டு வாசலில் நட்டிருந்தாள். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரி மீனம்மாள் லாரி மண் கொட்டி வாசலை உயர்த்தியபோது கன்று புதைந்துவிட்டது.

“தெரியாம மூடிட்டாங்கம்மா,” என்றாள் மீனம்மாள்.

“வந்துரும்க்கா. சேறு மூட மூட வேரு உசரமா வந்து மூச்சு விடும். எங்கூருச் செடில்லா.”

ஒரு மாதத்தில் மண்ணைக் குத்திக்கொண்டு பென்சில்களைப் போல வேர்கள் நின்றன. மீனம்மாள் இன்னொரு லோடு அடித்தாள். அதற்கும் மேலே வந்தன. சிமெண்ட் போட்டாள். அதையும் துளைத்தன. பிறகு அவளே தெருவைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தாள்.

“எங்க வூட்ல மட்டுந்தான் இப்டி கீது.”

கடல் இங்கிருந்து வெகு தூரம். தினம் இரண்டு வேளை, புன்னைக்காயலில் கடல் ஏறும் நேரத்தில், அந்த சிமெண்ட் தரை தானாக நனைகிறது. காய்ந்ததும் உப்புப் பூக்கிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நேரத்தில் வாசலைக் கடக்க மீனம்மாள் முதலில் புடவையைக் கணுக்கால் வரை தூக்கினாள். இப்போது முழங்கால் வரை தூக்குகிறாள்.