ஒட்டாத சட்டங்கள்

கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் திறந்து மேஜை மேல் வைத்தார்.

தபீ இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

முதல் பெட்டியில் கிதாரின் உடல் முழுசாக ஒட்டி முடிந்திருந்தது. கழுத்தைப் பொருத்தி, வார்னிஷ் அடித்து, கம்பி கட்டினால் போதும். முதல்முறை சொந்தமாகக் கிதார் செய்கிறவர்கள் இந்தப் பெட்டியைத்தான் வாங்குவார்கள் என்றார்.

இரண்டாவதில் எல்லாமே தனித்தனி. முன்பலகை, பின்பலகை, வளைத்து வைத்த பக்கங்கள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய மரச்சட்டங்கள்.

சிவகாசியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறும்போது அவள் மனதில் இருந்தது முதல் பெட்டி.

"எடக்கை வாட்டத்துக்கு இதை மாத்திக்கலாமாண்ணே?"

அவர் கிதாரின் வட்ட ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே சட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடின. வலது கைக்காரர்களுக்கான சாய்வு. கம்பிகளை மாற்றிக் கட்டலாம். சத்தம் சரியாக வராது.

"உங்களுக்கு அந்த ரெண்டாவதுதாம்மா. சட்டத்தை வேணுங்கிற பக்கம் திருப்பி ஒட்டிக்கலாம். ஆனா ஒட்டுறப்போ அழுத்திப் பிடிக்கிற வேலை ஜாஸ்தி. ரெண்டு கையும்..."

துப்பட்டா நழுவியிருந்தது.

அவர் பார்வை அவள் இடது கையில் விழுந்தது.

அவள் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். லேபிள் வெட்டும் மிஷினில் இடது கை மாட்டிய அன்று, எதிரே நின்றவள் கூட வேலை பார்க்கும் பேச்சியம்மாள். அவள் சுவிட்சைத் தேடவில்லை. வயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தாள். முந்தானையைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். ஆஸ்பத்திரி வாசல் வரை பிடியை விடவேயில்லை.

நடுவிரலும் மோதிரவிரலும் போயின.

கை மிஞ்சியது.

அதற்குப் பிறகு அந்தக் கைக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அம்மா காய் நறுக்க விடவில்லை. முதலாளி உட்கார்ந்து எண்ணுகிற வேலைக்கு மாற்றினார். சர்ச்சில் அவள் கிதார் வாசித்த இடத்துக்கு ஒரு கீபோர்டு வந்தது.

எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கின்றன. கம்பியை மீட்ட அவை போதும். கம்பியை அழுத்த வலது கை பழகிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், தன் இடது முன்கையையே கிதாரின் கழுத்தாக நினைத்துக்கொண்டு.

இடது கை கிதாரே வாங்கித் தருகிறேன் என்றான் அண்ணன். அவள் வேண்டாம் என்றாள். அதை இந்தக் கை செய்ய வேண்டும்.

செய்யக் கை இருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல எத்தனையோ முறை முயன்றிருக்கிறாள். "அக்கா, அன்னைக்கு மட்டும் நீங்க..." என்று ஆரம்பித்தாலே பேச்சியம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

இன்றைக்கும் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் தபீ அவளைக் கூட்டி வந்திருந்தாள்.

இதுவரை வாசலோரம் பையோடு நின்ற பேச்சியம்மாள் இப்போது மேஜையருகே வந்தாள். கிதாரைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லாதவள். சட்டங்கள் இருந்த உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சட்டத்தை உறையோடு லேசாக வளைத்துப் பார்த்தாள்.

பிறகு கடைக்காரரிடம் சொன்னாள்.

"பிடிக்கிறதுக்கு நான் இருக்கேன்ல."

"அக்கா..." என்று ஆரம்பித்தாள் தபீ.

"என்ன தபீ, மசமசன்னு நிக்கிற? இதைக் கட்டச் சொல்லு."

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மேலே வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. இருவர் மடியிலுமாகக் கிடத்திக்கொண்டார்கள். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்.

திருமங்கலம் தாண்டியதும் பேச்சியம்மாள் கேட்டாள்.

"எம்புட்டு நாளாகும், இதை முடிக்க?"

"ஆறு மாசம்னு சொன்னாருக்கா. தினமும் உக்காந்தா."

"தினமும் எங்க? எனக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானந்தான் ஒழியும்."

"அப்படின்னா வருசக்கணக்குல இழுத்துரும்க்கா."

பேச்சியம்மாள் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள்.

"அவசரமா உனக்கு?"

ஜன்னல் வழியே காற்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக வந்துகொண்டே இருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"இல்லக்கா."