செண்பகவில்லி

கதவு தடதடவென்று அதிர்ந்தது. "மேடம், நாங்க 'ஒற்றைத்துளி' பத்திரிகைக்காரங்க!" என்று வாசலில் நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கத்தின.

செண்பகவல்லி அசையவில்லை. போன இதழில்தான் அவளுடைய முதல் கதை வந்திருந்தது. அந்தச் சின்னப் பத்திரிகையில் பிழை திருத்துவதும் ஆசிரியர் தங்கராசுதான். அவர் கண்ணுக்கும் தப்பி, அவள் பெயர் 'செண்பகவில்லி' என்று அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து ஆபீசில் அவள் வில்லி மேடம். வீட்டில் கணவன் வேறு, "வில்லி, ஒரு வாய் காபி கிடைக்குமா?" என்று நடுங்குவதுபோல் நடித்தான். இனிமேல் கதையே எழுதுவதில்லை என்று பேனாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

கதவின் அடி இடுக்கு வழியாகப் புது இதழ் ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. வேண்டாவெறுப்பாகப் புரட்டினாள். கவிஞர் அருளப்பன் இருளப்பனாகியிருந்தார். கட்டுரை எழுதும் ஞானசேகரன், ஞானசோகரன். மொழிபெயர்க்கும் கலைச்செல்வி, கொலைச்செல்வி. ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் தொங்கராசு. ஒருவர்கூடப் பாக்கியில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஓர் அறிவிப்பு: 'அடுத்த இதழில் செண்பகவல்லியின் புதிய கதை.'

"கதவைத் திறங்க மேடம்!" என்றது வெளியே ஒரு பெண்குரல். "நான் கொலைச்செல்வி. இதைப் பார்த்ததுலேர்ந்து எங்க மாமியார் என் கையால காபிகூட குடிக்க மாட்டேங்கறாங்க!"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தாழ்ப்பாளை விலக்கினாள்.

"உள்ளே வாங்க தொங்கராசு சார். கதை எழுதித் தரேன். ஆனா, பேரை மட்டும் வில்லின்னே போடணும்."