ஆம்ப்ளிஃபயர் கேட்டு வந்தவன்

பிக்கப் வண்டியின் சீட்டு முதுகைச் சாய்த்ததும் அரிவாள் தெரிந்தது. புது அரிவாள். சந்தனமும் குங்குமமும் வைத்து, பாதி செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது.

ஆம்ப்ளிஃபயர் மாட்ட இடம் அளந்துகொண்டிருந்த எழில் டேப்பை நழுவவிட்டான். இடது தோளில் பதினொரு தையல் போட்ட பழைய தழும்பு சும்மாவே வலிக்க ஆரம்பித்தது.

அந்தத் தையலுக்குக் காரணமானவன் பிக்கப்புக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். சோணைமுத்து. எழிலின் மனைவி மாரிசெல்வியின் அண்ணன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாரிசெல்வியைக் கூட்டிக்கொண்டு எழில் ஓடிவந்த அன்று, ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பில் வைத்து அவனைச் சோணைமுத்து வெட்டினான். "எங்கன போய் ஒளிஞ்சாலும் தேடி வந்து தலைய எடுப்பேன்லே" என்று ஊரே பார்க்கக் கத்தினான். ஒரே வெட்டோடு தப்பித்து விருதுநகர் வந்த எழில், இந்தக் கார் ஆடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

இன்று பிக்கப் கடைக்குள் வந்து நின்றதுமே எழில் கர்சீப்பை எடுத்து, தூசிக்குக் கட்டுகிற மாதிரி மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். தாடி வேறு வளர்ந்திருந்தது. அடையாளம் தெரிந்திருக்காது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

ஓடிவிடலாம்தான். ஆனால் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. மாரிசெல்வியும் பதினொரு மாதப் பிள்ளையும் அங்கே தனியாக இருக்கிறார்கள். இவன் பின்னாலேயே வந்துவிட்டால் மூன்று உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

"தம்பி, வெடி லோடு ஏத்துற வண்டி. உள்ள மருந்துத் தூசி கெடக்கும்" என்றான் சோணைமுத்து. "டிரில்லர் போட்டுப் பொறி கிறி பறந்துறப் போகுது. திருப்புளிய வச்சுக் கையாலயே முடுக்கு."

"சரிண்ணே." எழில் குரலை மாற்றிச் சொன்னான்.

பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டான். பலகையில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, முழ நீளத் திருப்புளியால் முடுக்கினான். இரண்டு தடவை திருகு கீழே விழுந்தது.

"சத்தம் எம்புட்டுத் தூரம் கேக்கும்?"

"கதவச் சாத்திட்டா வெளிய கேக்காதுண்ணே."

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? நாலு தெருவுக்குக் கேக்கணும் தம்பி. வீட்டுக்குள்ள இருக்கவுக எல்லாம் வாசலுக்கு வந்து பாக்கணும்."

அடப்பாவி, கொலையைக்கூடப் பாட்டுப் போட்டுத்தான் செய்வானா என்று எழில் நினைத்தான். இவன் செய்யக்கூடியவன்தான். ஊர் பார்க்க வெட்டினால்தான் இவனுக்கு மானம் திரும்பும்.

கடை முதலாளி லட்சுமிகாந்தம் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் போகும்வரை சோணைமுத்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு டிரைவர் பக்கமாக ஏறி எழிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

"கல்யாணம் ஆயிருச்சா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே."

சோணைமுத்து சிரித்தான். எச்சிலை விழுங்கினான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மறுபடி விழுங்கினான்.

"மூஞ்சில கெடக்க துணிய அவுருலே, எழிலு."

சோணைமுத்துவின் வலது கை சீட்டுக்குப் பின்னால் போனது.

அந்தக் கை வெளியே வரும்வரை எழில் காத்திருக்கவில்லை. திருப்புளியைக் கழுத்தில் பிடிவரைக்கும் இறக்கினான். பிடுங்கி மறுபடி இறக்கினான். மூன்று வருடம் கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் செத்துப் பிழைத்த பயம் மொத்தமும் அந்தக் கையில் இருந்தது.

சோணைமுத்து இடது கையால் எழிலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். ஏதோ சொல்ல வந்தான், ரத்தம்தான் வந்தது. எழில் மூன்றாவது தடவை குத்தினான். அவன் அப்படியே ஸ்டியரிங் மேல் சரிந்தான். பேட்டரி ஒயர் கழன்று கிடந்ததால் ஹார்ன்கூட அடிக்கவில்லை.

அவனுடைய வலது கை அரிவாளைத் தொடவே இல்லை. அதற்கு அந்தப் பக்கம் கிடந்த ஒரு மஞ்சள் பையின் காதைப் பிடித்திருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் எழில் இல்லை.

புது ஆம்ப்ளிஃபயர் மேல் ரத்தம் சொட்டியது. எழில் இறங்கிக் கதவைச் சாத்தினான். கார் துடைக்கிற வாளித் தண்ணீரில் கையைக் கழுவினான். சட்டையை அவிழ்த்து அதே வாளியில் முக்கினான். தூக்குக் கயிறே கிடைத்தாலும் பரவாயில்லை, மாரிசெல்வியும் பிள்ளையும் இனிமேல் பயமில்லாமல் தூங்குவார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

"என்னங்க!"

ஷட்டருக்கு வெளியே மாரிசெல்வி குனிந்து பார்த்தபடி நின்றாள். கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். இடுப்பில் புதுக் கவுன் போட்ட பிள்ளை. பிக்கப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மாதிரி மூன்று வருடத்தில் ஒரு நாளும் மலர்ந்ததில்லை.

"எங்கண்ணன் எங்க? பிள்ளைக்குக் கெடா வெட்டிக் காதுகுத்த, தாய்மாமன் மடி குடுக்க, உங்ககிட்டக்கூடச் சொல்லாம நான்தான் வரச் சொன்னேன்!"