நாற்பத்தோரு கிலோமீட்டர்

"எங்கட்டி போன? நாப்பத்தோரு கிலோமீட்டர் ஓடியிருக்கு!"

சார்ஜர் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து ஸ்கூட்டரில் செருகிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வியின் கை அப்படியே நின்றது.

"மீட்டரையா பாத்தீக?"

"நேத்தே பாத்து எழுதி வச்சேன். ஒரகடத்துல ஒன் கம்பெனிக்குப் போக ஆறு, வர ஆறு. மிச்ச இருபத்தொம்பது எங்க போச்சு?"

"ஷிஃப்ட் முடிஞ்சதும் சும்மா ஒரு சுத்து சுத்துனேன். எட்டு மணி நேரமும் லைன்ல நின்னே வேலை பாக்கோம். காத்தாட ஏரிக்கரைப் பக்கம் போனேன். அதுல என்ன?"

"தனியாவா?"

அவள் ஒயரைச் செருகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கணவன் இசக்கிபாண்டி ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். பேட்டரி தீர்ந்துபோய் சிவப்பு விளக்கு மினுக்கியது. திருநெல்வேலியிலிருந்து வல்லம் வடகாலுக்குக் குடிவந்த புதிதில் அவனே அவளுக்கு வாங்கித் தந்த வண்டி. பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இருபத்தைந்துக்கு மேல் வேகமும் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றியதெல்லாம் உண்டு. ஒன்றரை மாதமாகத்தான் வண்டி தினமும் இப்படி உயிரை விட்டுக்கொண்டு வந்து சேருகிறது.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதே." குழாயடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் அம்சவல்லி குடத்தோடு வந்தாள். "ரெண்டரைக்கெல்லாம் வூட்டுக்கு வர்ற பொண்ணு, இப்போ அஞ்சு மணிக்குத்தான் வருது. இருங்காட்டுக்கோட்டைல ஒரு கம்பெனி கேட்டாண்ட எவன் கூடவோ நின்னு பேசிக்கினு இருந்துச்சாம். எங்க வூட்டுக்காரரு ரெண்டு தபா பாத்துக்கீறாரு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ரொம்ப அலுப்பா இருக்கா?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி. அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பியவன், ஊர்க்காரன் கொம்பையாவிடம் பைக்கை இரவல் வாங்கினான். மதியம் இரண்டு மணிக்கு அவள் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றான்.

ஷிஃப்ட் விட்டது. கூட்டத்துக்கு நடுவே அந்த நீல ஸ்கூட்டர் வெளியே வந்தது. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போனது.

அவளுடைய வேகத்துக்குப் பின்தொடர்வது பெரும்பாடாக இருந்தது. பைக்கை இரண்டாவது கியரிலேயே உறும விட வேண்டியிருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலும் போதும், மாட்டிக்கொள்வான். கார்களை ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரிகளின் மறைவில் ஒண்டி ஒண்டிப் போனான்.

ஏரி வந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. காத்தாடப் போனாளாம்!

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பெரிய கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர் நின்றது. அவள் இறங்கினாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். கலைந்த முடியை விரலாலேயே ஒதுக்கிவிட்டாள்.

யாருக்காக?

செக்யூரிட்டி அறையிலிருந்து ஒரு ஆள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். இசக்கிபாண்டி பைக்கைப் போட்டுவிட்டு, ஓரமாக நின்ற லாரிக்குப் பின்னால் பதுங்கி நடந்தான். இன்னும் பத்தடி. இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடித்துவிடலாம்.

"இன்னாம்மா, மறுபடியும் வந்துட்டியா?"

"இன்னைக்கு வரச் சொன்னீகளேண்ணே."

அவள் சீட்டைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். வாங்கியவன் உள்ளேயிருந்த தாளை உருவிப் பார்த்தான்.

"எச்.ஆர். சாரு உள்ளதான் கீறாரு. குடுத்துப் பாக்கறேன். இன்னா போட்டுக்கீது... இசக்கிபாண்டி, ஃபிட்டர், ஏழு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்... யாரும்மா இது, உன் தம்பியா?"

"எங்க வீட்டுக்காரருண்ணே."

"அப்ப அவரே வர வேண்டியதுதானே? இந்த வெயில்ல நீ இன்னாத்துக்கு ஒவ்வொரு கேட்டா அலையறே?"

பாண்டிச்செல்வி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவுகளுக்கு வேலை போயி ரெண்டு மாசமாச்சுண்ணே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு, தெனமும் டூட்டிக்குப் போற மாதிரி கெளம்பிப் போயி, எங்கயாவது ஒக்காந்துட்டு சாயங்காலம் வாராக. நான் கேட்டா ஒடைஞ்சு போயிருவாக."

"சர்ட்டிபிகேட் எல்லாம் வீட்டுல இருக்கு சார்," என்றபடி லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான் இசக்கிபாண்டி. "நாளைக்கு நானே கொண்டாரேன்."