நெலிமா அம்மா யாரு?

"இன்னிக்குக் குழந்தைகள் கோர்ட்டு. வேடிக்கை கிடையாது. எழுந்து போங்கக்கா!"

டவாலி பராசா நீதிமன்ற வாசலில் நின்று விரட்டினார். மரத்தடியில் இருந்த நாலு பெண்களும் அசையவில்லை. சந்தையில் வாழைப்பழம் விற்கிறவர்கள். குழந்தைகள் வழக்கு நடக்கிற வியாழக்கிழமை வந்தால் போதும், கடையை யார் தலையிலாவது கட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கையில் வறுத்த கடலை வேறு.

"மரம் கவர்மெண்டு மரம். நிழலும் கவர்மெண்டு நிழல். நீ உன் வேலையைப் பாரு தம்பி" என்றாள் அவர்களில் மூத்தவளான வஞ்சாலா அம்மா.

"ஒரு சின்னப் பொண்ணோட மானம்கா. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்?"

"கடலை வேணுமா?"

பராசா தலையில் அடித்துக்கொண்டார். எல்கோன் மலையடிவாரத்தில் அவரளவுக்குச் சட்டப்பற்று உள்ளவர் மாஜிஸ்ட்ரேட்கூட இல்லை. குழந்தை வழக்கு என்றால் கதவைச் சாத்த வேண்டும். போலீஸ்காரர் சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் பெயர் எங்கேயும் வெளியாகக் கூடாது. எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் செய்வார்.

ஆனால் கதவைச் சாத்தச் சொன்ன சட்டம் காம்பவுண்டுச் சுவரை மறந்துவிட்டது. அதன்மேல் சாய்ந்தபடி பைக் டாக்ஸிக்காரர்கள் நின்றார்கள். அவர்களில் மகோகா என்று ஒருவன். காலையில் அவனுக்குத் தெரிந்தது மதியத்துக்குள் மலை உச்சி வரைக்கும் தெரிந்துவிடும்.

உள்ளே இருந்த சிறுமிக்குப் பதின்மூன்று வயது. டீச்சரின் செல்போனை எடுத்தாள். பயந்துபோய்த் தானே திருப்பியும் கொடுத்துவிட்டாள். அதற்குள் புகார் போய்விட்டது. டீச்சர் மன்னித்தாயிற்று, மாஜிஸ்ட்ரேட்டும் நாலு வார்த்தை சொல்லி அனுப்பத்தான் போகிறார். ஆனால் பெயர் மட்டும் சுவரைத் தாண்டிவிட்டால், சேரப்போகிற புதுப் பள்ளியிலும் அவள் 'போன் திருடி'தான். அந்தத் தண்டனைக்கு அப்பீல் கிடையாது.

அதனால் அவளைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்திருந்தார்கள். அவள் அம்மா, நிலத்தகராறுக்கு வந்தவள்போல, மரத்தடியின் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மணி அடித்தது. பராசா தொண்டையைச் செருமினார்.

"நெலிமா அம்மா! உள்ளே வாங்க!"

(நெலிமா என்பது நான் மாற்றி வைத்த பெயர். பராசா மாற்றவில்லை.)

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அங்கே கூப்பிடுவார்கள். அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் வளர்ப்பு சரியில்லை என்பார்கள்.

சுவர்மேல் மகோகாவின் கழுத்து நீண்டது. ஊரில் எத்தனையோ நெலிமாக்கள்; எழுந்து போகிறவளைப் பார்த்தால்தான் எந்த நெலிமா என்று தெரியும். ஓரத்தில் இருந்தவள் இன்னும் குனிந்துகொண்டாள்.

"இதோ வந்துட்டேன்!" என்று வஞ்சாலா அம்மா எழுந்தாள்.

"நீ எங்கே போறே? நான்தான் நெலிமா அம்மா" என்று பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள்.

"களைவெட்டு நேரத்துல பொறந்தாளேன்னு நெலிமான்னு பேரு வெச்சவ நானு. நீங்கள்லாம் யாருடி?" என்றாள் மூன்றாமவள்.

நாலாமவள் பேசவில்லை. வாய் நிறையக் கடலை. கையை மட்டும் தூக்கினாள்.

"ஏ வஞ்சாலா அம்மா, உனக்கு எல்லாம் ஆம்பளைப் பசங்களாச்சே!" என்று மகோகா கத்தினான். "போன வாரம் வெகேசா அம்மான்னுல்ல உள்ள போனே?"

"போனேன். இப்ப அதுக்கென்ன? புள்ள பெத்துக்க உன்கிட்ட லைசென்ஸ் வாங்கணுமா? மொதல்ல உன் பைக்குக்கு இருக்கா?"

சுவர் முழுக்கச் சிரிப்பு. மகோகாவின் கழுத்து உள்ளே போய்விட்டது.

நாலு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அறைக்குள் பாய்ந்தார்கள். அந்த வேகத்தில் ஓரத்தில் இருந்தவளையும் கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பராசா தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. கதவைச் சாத்தினார்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒரு சிறுமி, ஐந்து அம்மாக்கள்.

"மன்னிக்கணும் மேடம்!" பராசாவுக்கு மூச்சு வாங்கியது. "இந்தச் சந்தைக்காரங்க நாலு பேருக்கும் இதே பொழைப்பு. உள்ளே நடக்கறதை ஒட்டுக்கேட்க வாராவாரம் வேஷம் போட்டு நுழையறாங்க. எத்தனை சட்டம் சொன்னாலும் ஏறமாட்டேங்குது!"

"பெத்த அம்மா மட்டும் இருக்கலாம். மத்தவங்க வெளியே" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"போறோம் மேடம். அந்தப் பக்கத்து ரூம்ல உட்கார்ந்துக்கறோம்" என்றாள் வஞ்சாலா அம்மா. "ஆனா தெருவுக்குப் போறப்போ இவளோட சேர்ந்து அஞ்சு பேராத்தான் போவோம்."

"ஏன்?"

"உங்க டவாலி வாசல்ல நின்னு எப்படிக் கூப்பிட்டாருன்னு கேளுங்க."

மாஜிஸ்ட்ரேட் திரும்பினார். "எப்படிக் கூப்பிட்டீங்க பராசா?"

"மரியாதையாத்தான் மேடம். நெலி..."

பாதியில் நின்றது. பராசா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூலையில் இருந்த சிறுமி, வந்ததிலிருந்து முதல் முறையாகக் களுக்கென்று சிரித்தாள். அதைப் பார்த்து அவள் அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு. மாஜிஸ்ட்ரேட் அவசரமாகக் குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடினார்.

"போன வாரமும்... இப்படித்தான் கூப்பிட்டேனாக்கா?" பராசாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"எல்லா வாரமும்தான்." வஞ்சாலா அம்மா அவர் தோளைத் தட்டினாள். "அதுக்கேன் மூஞ்சியைத் தொங்கப் போடறே? நீ பாட்டுக்கு எந்தப் பேரை வேணும்னாலும் கூப்பிடு தம்பி. அந்தப் புள்ளைக்கு அம்மா நாங்கதான்!"