யாரும் சாகாத கதை

சாவைச் சொல்லத் துணியாத கதை, குழந்தைகளுக்கு நாம் செய்யும் துரோகம்.

புத்தகக் கண்காட்சி மேடையில் விமர்சகர் மைக்கில் அப்படிச் சொன்னபோது பந்தல் முழுக்க அமைதியாக இருந்தது.

முன்வரிசையில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்த நான்காம் வகுப்பு, டெல்லி அப்பளத்தைச் சத்தமில்லாமல் கடிக்கப் பழகியிருந்தது.

பேசி முடித்து, போர்த்திய சால்வையோடு, சிறார் புத்தகக் கடைக்கு வந்தார். ஒவ்வொரு வருடமும் கண்காட்சியில் அவருக்கென்று அங்கே ஒரு நாற்காலி உண்டு. கடைக்காரர் எட்வின் அதைத் துடைத்துப் போட்டார்.

மேசை நிறைய இந்த வருடத்துப் புதிய கதைகள்.

அட்டைகளில் தங்க நிறத்தில் வட்ட ஸ்டிக்கர். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி, நடுவில் அவர் முகம். சிரித்த படம் ஒன்றும் இருந்தது. அவர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பா அம்மாக்கள் கதையைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கிப் போனார்கள்.

ஒரு சிறுமி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆறாவது படிப்பாள். கூட வந்தவள் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினாள்.

"கேளு முத்துநிலா. சார்ட்ட நீயே கேளு."

"சார், யாரும் சாகாத கதை இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதினைந்து நிமிட உரை ஒன்று தயாராக இருந்தது.

பின்னால் நின்றவள் முந்திக்கொண்டாள். "நான் அவ சித்தி சார். இவ தம்பி பெரியாஸ்பத்திரில கெடக்கான். நெஞ்சுல ஓட்டை. நாளைக்குக் காலைல ஆபரேசன். இவதான் பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டுவா. போன வாரம் உங்க படம் ஒட்டுனதாப் பாத்துத்தான் வாங்கிட்டுப் போனோம். கடைசில அதுல வர்ற நாய் செத்துப்போச்சு. புள்ள ராத்திரி பூரா கண்ண மூடல."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

முதல் புத்தகத்தை எடுத்தார். தாத்தா. வைத்துவிட்டார்.

அடுத்தது அம்மா.

அதற்கடுத்து ஒரு ஆட்டுக்குட்டி. அதுவும் பெருநாளைக்கு முந்தின நாள். அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் போன மாதம் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்.

"எல்லாத்துலயும் செத்துப் போறாங்களா சார்?"

சித்தி அவள் தோளைக் கிள்ளினாள்.

இன்னொன்றை எடுத்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில், "இதுல ஒரு மரந்தான். மரம்னா பரவால்லையா பாப்பா?" என்றார்.

முத்துநிலா அதை நிஜமாகவே யோசித்தாள்.

"மரம் செத்தாலும் அழுவான் சார்."

அவர் எழுந்தார். அலமாரியின் அடித்தட்டுக்குக் குனிந்தார். சால்வை நழுவித் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. அங்கே ஸ்டிக்கர் இல்லாதவை கிடந்தன.

ஒன்றை உருவினார்.

அட்டையில் ஒரு நீர்யானை, முதுகில் பையோடு டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பையின் ஜிப் மூடவில்லை.

முத்துநிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்டிப்பானாள்.

"கடைசி வரைக்கும் யாரும் சாகலையே?"

"சாகல."

"சத்தியமா?"

"சத்தியமா."

மேடையில் எதையும் அடித்துச் சொல்லிப் பழகிய குரல். தடங்கலில்லாமல் வந்தது.

சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள். பார்வை நேரம் முடிவதற்குள் வார்டுக்குப் போக வேண்டும் என்று இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

எட்வின் சால்வையை எடுத்துத் தட்டி மடித்தார்.

"இந்த நீர்யானையத்தான சார், கனம் இல்லன்னு போன வருசம் பரிசுல இருந்து தள்ளுனீங்க?"

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பிரதி இருக்கா எட்வின்?"

"அது ஒண்ணுதான் கெடந்துச்சு. ஏன் சார்?"

அவர் வெளியே வந்து நின்றார். கூட்டத்தில் எல்லாச் சிறுமிகளும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

அந்தக் கதையில் அவர் முதல் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை.